அரசு வாங்க வேண்டியது கப்பலை அல்ல, கால அட்டவணையை: தீவுத் தடங்களுக்கான அரசு உதவி எப்படித் திட்டமிடப்படுகிறது

ஒரு தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஓடும் கப்பலில் இருநூறு இருக்கைகள் இருக்கின்றன. மழைக்காலத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் முப்பது பேர்தான் ஏறியிருக்கிறார்கள். அந்த முப்பது பேருக்கும் அதே கேப்டன், அதே இன்ஜின் அறை ஆட்கள், அதே காப்பீடு, ஏறக்குறைய அதே டீசல். இருநூறு பேர் வந்திருந்தாலும் செலவு பெரிதாகக் கூடியிருக்காது. வராததால் குறையவும் இல்லை.

அந்த முப்பது பேரில் சிறுநீரகச் சிகிச்சைக்கு வாரம் மூன்று முறை போகிறவர் இருக்கலாம், பள்ளி ஆசிரியர் இருக்கலாம், விற்காவிட்டால் கெட்டுவிடும் மீனோடு நிற்பவர் இருக்கலாம். கையைக் கடிக்கிறது என்று கப்பல்காரர் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பயணத்தை நிறுத்தினால், அவர்களுக்குப் பக்கத்துச் சாலை என்று எதுவும் கிடையாது. அரசு இதில் தலையிடுவதற்கான காரணம் இவ்வளவுதான். எப்படித் தலையிடுவது என்பதுதான் சிக்கலானது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய பல திட்டங்கள் தடுமாறியிருப்பதும் அங்கேதான்.

டிக்கெட் பணம் ஏன் போதாது

கணக்கு புரிவதற்காக ஒரு தடத்தின் ஆண்டுச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆட்களின் சம்பளம் 30, கப்பல் வாங்கிய கடனும் தேய்மானமும் 25, எரிபொருள் 25, பழுதுபார்ப்பு 12, காப்பீடும் துறைமுகக் கட்டணமும் 8. கட்டணமாக வருவது 60. மீதி 40 பங்கு அரசு மானியம்.

இதில் எரிபொருள் தவிர மற்ற எல்லாமே, கப்பல் ஓடினாலும் நின்றாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும் செலவு. ஆகவே "நட்டமாகிறது, பயணங்களைக் குறையுங்கள்" என்ற முதல் யோசனை பெரும்பாலும் ஏமாற்றிவிடும். கால் பங்குப் பயணங்களை வெட்டினால் மிச்சமாவது எரிபொருளில் 6 பங்கு. பயணிகளில் பலர் மீதமிருக்கும் நேரங்களுக்கு மாறிக்கொள்வார்கள் என்றே வைத்தாலும், பத்தில் ஒருவர் கைவிட்டால் போதும், கட்டணத்தில் 6 பங்கு போய்விடும். சேமிப்பு சுழியம், சேவை மட்டும் மோசம். கப்பலையே ஒன்று குறைத்து, ஆட்களையும் குறைத்தால்தான் உண்மையான சேமிப்பு வரும். அது வேறு அளவிலான முடிவு.

இன்னொரு பக்கம், எரிபொருள் விலை 40 சதவீதம் ஏறினால் செலவு 10 பங்கு கூடும். கட்டணம் மாறாவிட்டால் மானியம் 40-லிருந்து 50 ஆக வேண்டும், அதாவது 25 சதவீத உயர்வு. நிதித்துறை இதை எதிர்பார்த்து ஒதுக்கி வைக்கவில்லை என்றால், ஆண்டின் நடுவில் பணம் தீர்ந்து கப்பல் கட்டிவைக்கப்படும்.

வாங்குவது என்ன?

புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கப்பலைப் பற்றித்தான் பேசுவார்கள். கப்பலைத் திறந்துவைக்கலாம், படம் எடுக்கலாம். ஆனால் மக்களுக்குத் தேவைப்படுவது கப்பல் அல்ல, நம்பி நாளைக் குறிக்கக்கூடிய பயணம். அரசு பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருளும் அதுதான். மற்ற எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

இதைச் சட்டமொழியில் எழுதிய நல்ல மாதிரி ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கடல் போக்குவரத்து விதி. தீவுத் தடத்தில் கப்பல் ஓட்டுபவர் மீது பொதுச் சேவைக் கடமையை விதிக்கும்போது அரசு எவற்றைக் கேட்கலாம் என்று அது வரையறுக்கிறது: எந்தெந்தத் துறைகளைத் தொட வேண்டும், ஒழுங்காக ஓடுவது, இடைவிடாது தொடர்வது, எத்தனை முறை ஓடுவது, எவ்வளவு ஏற்றிச்செல்ல இடம், கட்டணம், கப்பலில் இருக்க வேண்டிய ஆட்கள். கப்பலின் நிறமோ வயதோ அங்கு முதலிடத்தில் இல்லை.

"ஒழுங்கு", "இடைவிடாமை" ஆகிய இரண்டும் தனித்தனியாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். கோடை முழுக்க நாள் தவறாமல் ஓடி, குளிர்காலத்தில் மூன்று மாதம் நிற்கும் கப்பல் ஒழுங்கானது, ஆனால் தொடர்ச்சியற்றது. சுற்றுலாவை நம்பி ஓடும் தனியார் சேவைகளின் இயல்பு இது. தீவில் வாழ்கிறவருக்கு வேண்டியது இரண்டும்.

2003-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஜெர்மனியின் ஆல்ட்மார்க் என்ற இடத்துப் பேருந்து மானிய வழக்கில் நான்கு நிபந்தனைகளை வகுத்தது. கடமை தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், இழப்பீட்டைக் கணக்கிடும் முறை முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும், செலவுக்கும் நியாயமான லாபத்துக்கும் மேல் கொடுக்கக் கூடாது, டெண்டர் மூலம் தேர்ந்தெடுக்க வேண்டும். டெண்டர் இல்லையென்றால் நன்றாக நடத்தப்படும் ஒரு நிறுவனத்துக்கு ஆகும் செலவை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். வழக்கு பேருந்துக்கானது என்றாலும் கப்பலுக்கு அப்படியே பொருந்தும். ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் அரசுகளும் இந்த நான்கையும் எடுத்துப் பயன்படுத்துவதில் தவறில்லை.

கடிகாரத்தோடு ஒரு கணக்கு

கால அட்டவணையை மேசையில் எழுதிவிடலாம் என்று தோன்றும். கடலில் அது எப்படி உடைகிறது என்று பார்ப்போம்.

தூரம் 30 கடல் மைல், கப்பலின் வேகம் 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.). ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம். இறக்கி ஏற்ற ஒவ்வொரு கரையிலும் 45 நிமிடம். போய்வர ஆறரை மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு முறை போய்வந்தால் 13 மணி நேரம். காலையில் இன்ஜினைச் சூடேற்றிச் சோதிக்கவும் இரவில் கட்டிவைக்கவும் ஒரு மணி நேரம். மொத்தம் 14.

2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வேலை நேரத்தை இரண்டு விதமாக அளக்கிறது. வேலையின் உச்சவரம்பாக வைத்தால் 24 மணி நேரத்தில் 14 மணி, ஏழு நாளில் 72 மணி. ஓய்வாக அளந்தால் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் குறைந்தது 77 மணி. முதல் அளவுப்படி நம் அட்டவணை நாள் வரம்பின் விளிம்பிலேயே நிற்கிறது. எதிர்க்காற்றில் இருபது நிமிடம் தாமதமானால் விதி மீறல். ஐந்து நாளில் 70 மணி ஆகிவிடுவதால் ஆறாம் நாள் அதே ஆட்களை ஏற்றவே முடியாது. உள்நாட்டுத் தடங்களுக்கு நாட்டுக்கு நாடு விதி மாறலாம், களைப்பு மாறாது.

தப்பிக்க இரண்டு வழிகள். இன்னொரு குழுவை அமர்த்தலாம். சம்பளச் செலவு கிட்டத்தட்ட இரட்டிக்கும். அல்லது 15 நாட் வேகத்தில் ஓடலாம். ஒரு வழி இரண்டு மணி நேரமாகக் குறையும், நாள் வேலை 12 மணியாகும், வாரத்துக்கு ஆறு நாள் ஓடலாம். ஆனால் வழக்கமான உடலமைப்புள்ள கப்பலுக்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்கிறது. 12-லிருந்து 15-க்குப் போனால் சக்தி இரு மடங்கை நெருங்கும். ஓடும் நேரம் குறைவதைக் கழித்தாலும் ஒரு பயணத்துக்கான டீசல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அரை மணி நேரம் மிச்சமாவதற்கான விலை இது. எது மலிவு என்பது சம்பளத்தையும் டீசல் விலையையும் பொறுத்தது. இந்தக் கணக்கைப் போடாமல் "ஒரு நாளைக்கு இரண்டு சேவை" என்று அறிவிப்பதுதான் தவறு.

இறங்குதுறையை மறந்த திட்டம்

அனுபவமுள்ள திட்டமிடுபவர் கப்பலின் வரைபடத்துக்கு முன்பு துறையின் ஆழ அளவைக் கேட்பார். கடல்மட்டம் மிகவும் வற்றியிருக்கும் நேரத்தில் துறையில் 3.5 மீட்டர் ஆழம், கப்பல் நீருக்குள் இறங்கும் ஆழம் 3 மீட்டர் என்றால் மிச்சம் அரை மீட்டர். அலையில் கப்பல் ஏறி இறங்கும்போது அது போதாது. வண்டல் சேர்ந்து ஒரே ஆண்டில் அந்த அரை மீட்டரும் போய்விடலாம். தூர்வாரும் செலவு யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காவிட்டால், கப்பல் நடத்துபவரும் துறைமுகமும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள்.

வாகனங்கள் தாமாகவே ஏறி இறங்கும் ரோ-ரோ கப்பலில் இன்னொரு விஷயம் சேர்கிறது. கடல்மட்டம் ஏறி இறங்கும்போது சாய்தளத்தின் சரிவு மாறும். சரிவு அதிகமானால் லாரியின் அடிப்பகுதி உரசும். மிதக்கும் மேடையோ, உயரத்தை மாற்றக்கூடிய பாலமோ தேவைப்படும்.

ஸ்காட்லாந்தின் அர்ரான் தீவுத் தடம் இதற்கு வலி மிகுந்த எடுத்துக்காட்டு. கிளென் சானக்ஸ் உட்பட இரண்டு புதிய ஃபெரிகளுக்கு 2015-இல் 9.7 கோடி பவுண்டுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. 2018-இல் வந்திருக்க வேண்டிய கிளென் சானக்ஸ் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில்தான். செலவு மூன்று மடங்குக்கும் மேல் போய்விட்டது. அதற்குப் பிறகும், அந்தத் தடத்தின் வழக்கமான பெருநிலத் துறையான ஆர்ட்ராசனில் அந்தக் கப்பலால் நிற்க முடியவில்லை. அதனால் கூடுதல் தூரத்தில் இருக்கும் ட்ரூனிலிருந்து ஓடுகிறது. கப்பல், துறை இரண்டும் ஒரே திட்டமாக, ஒரே கால அட்டவணையில் நகர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

எதிர்ப்பக்கத்தில் நார்வே இருக்கிறது. 2015-இல் சோக்னே ஃபியார்டில் (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்பகுதி) லாவிக், ஒப்பெடால் ஊர்களுக்கு இடையே ஆம்பியர் என்ற மின்கல ஃபெரி ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய இருபது நிமிடப் பயணம், கரையில் சுமார் பத்து நிமிடத்தில் சார்ஜ் ஏற்ற வேண்டும். அவ்வளவு மின்சாரத்தை ஒரே நேரத்தில் இழுக்க அந்தச் சிற்றூர்களின் மின்கம்பிகளுக்குத் திறனில்லை. எனவே இரு கரைகளிலும் மின்கலங்களை வைத்தார்கள். கப்பல் போயிருக்கும் நேரத்தில் அவை மெதுவாக நிரம்பும், வந்ததும் வேகமாகக் கொடுக்கும். மின் ஃபெரி வாங்க நினைக்கும் எந்த அரசும் கப்பல் தயாரிப்பாளரிடம் போகுமுன் மின்வாரியத்திடம் போவது நல்லது.

மாற்றுக் கப்பல்: பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவது

பயணிகள் கப்பலின் அடிப்பகுதியை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். ஐந்து ஆண்டில் குறைந்தது இரண்டு முறையாவது டிரை டாக்கில் (கப்பலின் அடிப்பகுதி நீருக்கு வெளியே தெரியும்படி நிறுத்தும் தளம்) ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி. பழுதுபார்ப்பையும் சேர்த்தால் ஒவ்வொரு கப்பலும் ஆண்டுக்கு மூன்று நான்கு வாரம் ஓடாது என்று வைத்தே திட்டமிட வேண்டும். எட்டுக் கப்பல்களுக்கு நான்கு வாரம் வீதம் 32 வாரம். ஆண்டில் 52 வாரம் இருக்கிறதே, ஒரு மாற்றுக் கப்பல் போதும் என்று தோன்றும். ஆனால் கூட்டம் அலைமோதும் காலத்தில் எந்தக் கப்பலையும் டாக்கில் ஏற்ற முடியாது. அந்த மாதங்களைக் கழித்து 26 வாரம்தான் கிடைக்கிறது என்றால், எதிர்பாராத ஒரு பழுதுகூட வராத நிலையிலேயே ஒரு மாற்றுக் கப்பல் போதவில்லை.

இருக்கும் மாற்றுக் கப்பல் எல்லாத் துறைகளிலும் பொருந்தவும் வேண்டும். சாய்தளத்தின் அகலம், ஆழம், பயணிகள் ஏறும் வாசலின் உயரம் ஆகியவை ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தால், மாற்று என்பது பெயரளவில்தான். ஒரே வகைக் கப்பல்களாக வாங்குவதன் மதிப்பு இங்கேதான் தெரியும். உதிரிபாகமும் ஒன்று, பயிற்சியும் ஒன்று.

மாற்று இல்லாதபோது அவசரமாக ஒன்றை வாங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை டோங்கா அறியும். புதிய கப்பல் கட்டி முடியும்வரை ஓட்டலாம் என்று அந்த அரசு வாங்கிய பழைய கப்பல் பிரின்சஸ் ஆஷிகா. சேவையில் சேர்ந்து சில வாரங்களிலேயே, 2009 ஆகஸ்ட் 5 இரவு மூழ்கியது. 74 பேர் இறந்தார்கள். கடலில் போகவே தகுதியற்ற கப்பல் அது என்று விசாரணை ஆணையம் கண்டது. இடைக்கால ஏற்பாட்டுக்கும் முழு ஆய்வு தேவை. இடைக்காலம் என்பதாலேயே இன்னும் கூடுதலாகத் தேவை.

ஒப்பந்தத்தின் உள்ளே

ஒப்பந்தங்களில் அடிப்படையாக இரண்டு வகை. மொத்தச் செலவு ஒப்பந்தத்தில் நடத்துபவருக்குக் குறித்த தொகை கிடைக்கும், கட்டணம் முழுவதும் அரசுக்குப் போகும். பயணி வராவிட்டால் நட்டம் அரசுக்கு. நடத்துபவருக்கு அதிகப் பயணிகளை இழுக்கும் ஆர்வம் இருக்காது, டிக்கெட் சோதனைகூடத் தளரும். நிகரச் செலவு ஒப்பந்தத்தில் கட்டணம் நடத்துபவருக்கு, அரசு இடைவெளியை மட்டும் நிரப்பும். அவர் பயணிகளைத் தேடுவார். ஆனால் கூட்டம் எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாத புதிய தடத்தில் ஒன்று டெண்டருக்கே வரமாட்டார், அல்லது ஆபத்துக்கும் சேர்த்துப் பெரிய தொகை கேட்பார். எனவே புதிய தடத்தை முதல் சில ஆண்டுகள் மொத்தச் செலவில் ஓட்டி, எண்ணிக்கை தெரிந்த பின் மாற்றுவதே பொதுவாக நியாயம். ஒப்பந்தம் எந்த வகையானாலும், எரிபொருளுக்கான தொகையை ஒரு வெளிக் குறியீட்டோடு (சந்தை விலையைக் காட்டும் பொது எண்) இணைத்துவிட வேண்டும். அதை நடத்துபவர் தலையில் கட்டினால், குறைந்த விலைக்கு எடுத்தவர் இரண்டாம் ஆண்டில் கைவிட்டுப் போவார். அப்படிப் போனால் கப்பலை அரசே கையில் எடுத்து ஓட்டும் உரிமையும் வங்கி உத்தரவாதமும் முதலிலேயே கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

கப்பல் ஏறக்குறைய முப்பது ஆண்டு உழைக்கும். ஒப்பந்தம் பெரும்பாலும் பத்து ஆண்டைத் தாண்டாது. அடுத்த டெண்டரில் தோற்றால் கப்பலை என்ன செய்வது என்ற பயத்தில் புதியவர் யாரும் வரமாட்டார். ஸ்காட்லாந்தில் இதற்குக் கண்ட வழி, கப்பல்களை அரசு நிறுவனம் ஒன்று (கலிடோனியன் மாரிடைம் அசெட்ஸ்) வைத்துக்கொண்டு, ஓட்டுபவருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது. போட்டி எளிதாகும். ஆனால் வாங்குபவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் ஒருவர் என்று மூவராகும்போது, தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பது மங்கிவிடும். கடலில் கப்பலை ஓட்டுகிற மாலுமிகளின் கருத்து வரைபடக் கட்டத்திலேயே கேட்கப்பட வேண்டும் என்பதை நிபந்தனையாகவே எழுத வேண்டும்.

தடங்களைத் தனித்தனியாக ஏலம் விட்டால் கூட்டமுள்ள தடத்துக்கு ஐந்து பேர் வருவார்கள், காலியான தடத்துக்கு ஒருவரும் வரமாட்டார். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டினால் ஒன்றின் லாபம் மற்றதைத் தாங்கும். கட்டு மிகவும் பெரிதானால் சிறிய நிறுவனங்களால் போட்டியிட முடியாது. ஃபிஜியில் வேறு வழி: லாபம் தராத வெளித்தீவுத் தடங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றுக்குச் செல்லும் தனியார் கப்பல்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது.

அபராதம் பற்றி ஒரு எச்சரிக்கை. ரத்தான ஒவ்வொரு பயணத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு அபராதம் விதித்தால், சீறும் கடலில் கப்பலைக் கிளப்பச் சொல்லி கேப்டனுக்கு அழுத்தம் வரும். பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவை உரிமையாளர் தடுக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. ஒப்பந்தம் அதற்கு எதிராகப் போகக் கூடாது. வானிலையால் நின்ற பயணத்துக்கு அபராதம் வேண்டாம், நிலையான செலவையும் கொடுத்துவிடலாம். எந்த அலை உயரம், எந்தக் காற்று வேகத்துக்கு மேல் அந்தக் கப்பல் ஓடாது என்று முன்பே எழுதி, யார் அளப்பது என்றும் எழுதிவிட்டால் இயந்திரப் பழுதை வானிலை என்று காட்டவும் வழியிருக்காது.

கட்டணமும் சரக்கும்

அதே தூரத்தைச் சாலையில் கடக்க என்ன செலவாகுமோ அதை ஒட்டிக் கட்டணம் வைப்பது ஒரு கொள்கை. ஸ்காட்லாந்து 2008 அக்டோபரில் சில தீவுகளில் சோதித்து, 2015-இல் மேற்குக் கரைத் தடங்கள் முழுவதற்கும் விரித்தது. கட்டணம் குறைந்தது, கார்கள் கூடின, கோடையில் கப்பல்கள் நிரம்பின. மருத்துவமனைக்குப் போக நினைத்த தீவுவாசிக்கே கார் வைக்க இடம் கிடைக்காத நிலையும் வந்தது. கட்டணத்தைக் குறைக்கும்போது இடத்தையும் கூட்ட வேண்டும். முடியாவிட்டால் உள்ளூர்வாசிகளுக்குக் கடைசி நேரம்வரை சில இடங்களை ஒதுக்கி வைக்க வேண்டும்.

சரக்கில் தொல்லை திரும்பும் வழியில். இந்தோனேசியா 2015-இல் 'தோல் லாவுட்' (கடல் சுங்கச்சாலை) என்ற பெயரில் மானியத்தோடு நிலையான சரக்குக் கப்பல் தடங்களைத் தொடங்கியது. கிழக்கே போகும்போது அரிசியும் சிமெண்டும், திரும்பும்போது கொள்கலன்கள் பெரும்பாலும் காலி. தீவில் மீனுக்குக் குளிர்பதன வசதியோ, விளைபொருளைச் சேர்க்கக் கிடங்கோ இல்லாமல் கப்பல் மட்டும் போனால் பாதிப் பயணத்துக்கான மானியம் காற்றைத்தான் சுமக்கும். பிலிப்பீன்ஸ் 2003-இல் வேறு இடத்தில் கை வைத்தது. லாரி அப்படியே ஏறி அப்படியே இறங்கும் ரோ-ரோ தடங்களை ஊக்குவித்து, அந்த வாகனங்களுக்குச் சரக்குக் கையாளும் கட்டணத்தை நீக்கியது. கடலில் ஆகும் செலவைவிடக் கரையில் ஏற்றி இறக்கும் செலவு கனமாக இருக்கும் குறுந்தடங்களுக்கு இது நல்ல வழி.

எரிவாயு சிலிண்டரும் பெட்ரோலும் தீவுக்குப் போயாக வேண்டும். ஆனால் ஆபத்தான சரக்கு விதிப்படி, 25 பயணிகளுக்கு மேல் (பெரிய கப்பலானால் அதன் நீளத்தில் மூன்று மீட்டருக்கு ஒருவர் என்ற அளவுக்கு மேல்) ஏற்றும் கப்பலில் இவற்றுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு, பலவற்றை ஏற்றவே முடியாது. ஆகவே குறைந்த பயணிகளோடு தனிச் சரக்குப் பயணங்கள் அட்டவணையிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் கள்ளத்தனமாக ஏற்றுவார்.

எதை அளப்பது

டிக்கெட் எண்ணிக்கை ஏறியவர்களைத்தான் சொல்லும். இடமில்லாமல் துறையில் நின்றுவிட்ட வாகனங்களையும், இடம் கிடைக்காது என்று கிளம்பவே செய்யாதவர்களையும் அது சொல்லாது. துறையில் விடுபட்டவற்றைத் தினமும் கையால் எண்ணிப் பதிவது மலிவான வேலை. அடுத்த கப்பலின் அளவைத் தீர்மானிப்பதில் அதைவிடப் பயனுள்ள எண் வேறில்லை.

நம்பகத்தன்மையையும் நேரந்தவறாமையையும் தனித்தனியே பதிய வேண்டும். ஓடவே இல்லாத பயணம் தாமதக் கணக்கில் வராது என்பதால், நிறைய ரத்து செய்யும் சேவை நேரம் தவறாததாகத் தோற்றமளிக்கும். ஆண்டுச் சராசரியும் இப்படித்தான் மறைக்கும். நாளொன்றுக்கு எட்டுப் பயணம் ஓடும் கோடையில் 99 சதவீதமும், இரண்டே பயணம் ஓடும் குளிர்காலத்தில் 80 சதவீதமும் நடந்தால், இரண்டும் ஆறாறு மாதம் என்று கொண்டு கூட்டிப் பார்க்கையில் 95 என்று வரும். அறிக்கையில் 95 அழகாக இருக்கிறது. தீவில் இருப்பவருக்கோ, அரை ஆண்டு முழுக்க ஐந்தில் ஒரு பயணம் இல்லை. மாதவாரியாக, தடவாரியாக, ஒவ்வொரு ரத்துக்கும் காரணத்தோடு வெளியிடச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதினால் இந்த எண்கள் நடத்துபவரின் கோப்பில் முடங்காமல் துறையின் அறிவிப்புப் பலகைக்கும் வரும்.